ரியூசன் கொப்பிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போம்

அன்புள்ள ரீச்சர்,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் முதலாம் வருடம், உயிரியல் பிரிவு. வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் கிளிநொச்சியில் மூன்று கிழமை தங்கிப் படிக்கிற முகாம் ஒன்றுக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் செலவைப் பொறுப்பெடுக்கிறார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வந்து படிப்பிப்பார்கள். கம்பஸ் போவதற்கு முதலே அந்தப் படிப்பு எப்படியிருக்கும் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடாம். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு செய்முறை, பின்னேரம் விளையாட்டு, இரவில் பாட்டும் நாடகமும். ஒருநாள் இரணைமடுக் குளத்துக்கும் கூட்டிப் போவார்கள்.

அப்பா வயல் செய்கிறார். "படிக்கத்தான் விடுறன், விளையாட இல்லை" என்று சொல்லிவிட்டார். ரியூசன் சேர் மூன்று கிழமை வராவிட்டால் பிறகு பிடிக்க ஏலாது என்கிறார். அதனால் ரியூசன் கொப்பிகளையும் பாஸ்ட் பேப்பர்களையும் கொண்டுபோய், ஒவ்வொரு நாளும் இரவு ஒரு மணி வரை படிக்க அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் இப்படி ஒரு கோடைகால முகாமுக்குப் போய் வந்தவ. அவ "படிப்பை விடு, சந்தோசமா இருந்திட்டு வா" என்கிறா. நான் நேரத்தை எப்படிப் பிரிப்பது? அப்பா வெயிலில் நிற்கிற நேரம் நான் நெட்போல் விளையாடுவது சரியா?

உயர்தர மாணவி, விசுவமடு

அன்புள்ள மகள்,

அந்த இரவு ஒரு மணி அட்டவணையை முதலில் கிழித்துப் போடும். ரியூசன் கொப்பிகளையும் பாஸ்ட் பேப்பர்களையும் வீட்டில் வைத்துவிட்டுப் போம். என் பதில் இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாஸ்ட் பேப்பரை விசுவமடுவிலும் செய்யலாம். செப்டெம்பரிலும் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். ஒரு விரிவுரையாளரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, "சேர், இந்தப் பரிசோதனையில் ஏன் இப்படி வந்தது?" என்று கேட்க உமக்கு இந்த மூன்று கிழமைதான் இருக்கிறது. துணுக்காய், செட்டிகுளம், மன்னார்க் கரையோரம் என்று வன்னியின் நாலு பக்கத்திலிருந்தும் வருகிற, உயிரியலை உம்மைப் போலவே விரும்புகிற பிள்ளைகளோடு ஒரே விடுதியில் இருப்பதும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு. அதனால் வகுப்பில் உம்மோடு உயிரியல் படிக்கிற பிள்ளைகளை ஒரு வாங்கில் இருத்திவிடலாம் என்று நினைக்கிறேன். முகாமில் ஒரு மண்டபம் நிறைய இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு மூலையில் இருந்து பழைய கொப்பியைப் புரட்டுவதற்காக யாரோ காசு கட்டி உம்மை அங்கே அனுப்ப வேண்டியதில்லை.

கனடா அக்கா சொன்னதும் பாதிதான் சரி. அவர்களுக்கு எல்லாம் ஒரேயொரு பரீட்சையில் தங்கியிருப்பதில்லை, உமக்கு அப்படி இருக்கிறது. இன்னொன்று, அமெரிக்காவில் நல்ல பெயர் எடுத்த முகாம்கள் எதுவும் படிப்பை விடச் சொல்வதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிப்பது அங்கே பழகிப்போன விடயம். ஹார்வர்டின் கோடைகாலப் பள்ளி தொடங்கியது 1871 இல். 1957 இல் ஆர்னல்ட் ரொஸ் என்ற கணித ஆசிரியர் தொடங்கிய முகாம் இப்போதும் நடக்கிறது. ஆறு கிழமைகள், எண் கோட்பாடுதான் அடிப்படை. வகுப்பு நேரம் குறைவு. மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகள் கணக்குகளோடு தாங்களே மல்லுக்கட்ட வேண்டும். எளிய விடயங்களை ஆழமாக யோசி என்பதுதான் அவர்களுடைய சுலோகம். 1954 இல் தெலுரைட் என்ற சங்கம் தொடங்கிய முகாமுக்குக் கட்டணமே இல்லை. அங்கே கிழமை நாட்களில் மூன்று மணி நேரம் கலந்துரையாடல் வகுப்பு. வாசிப்பும் எழுத்தும் போக, மிச்சப் பொழுதைக் கூடியிருந்து எப்படிக் கழிப்பது என்பதைப் பிள்ளைகளே கூட்டம் கூடி முடிவு செய்வார்கள். இரண்டு முகாமிலும் நான் கவனித்தது ஒன்றுதான். கொஞ்சத்தை எடுத்து ஆழமாகப் போகிறார்கள், அதற்கு வேண்டிய மூச்சுவிடும் நேரத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பகல் முழுக்க வகுப்பு வைத்து இரவில் ரியூசன் வேலையும் செய்யச் சொல்லி எவரும் வதைப்பதில்லை.

இனி நித்திரை. 14 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது பெரும்பாலும் நித்திரையில்தான். இரவு ஒரு மணிக்குப் படுத்து விடிய ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளை, அடுத்த நாள் விரிவுரையில் கண் திறந்திருந்தும் ஒன்றும் கேட்காமல் இருக்கும். எங்கள் பாடசாலைகளில் காலை முதல் பாடத்தில் இதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அப்படித் தூங்கி விழுந்தவர்களில் அநேகம் பேர் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அப்படியானால் முகாமில் படிக்கவே வேண்டாமா? வேண்டும், நன்றாகப் படிக்க வேண்டும். ஆனால் வேறு மாதிரி. 2006 இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் பந்தியைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது பார்க்காமல் எழுதியவர்கள்தான் முன்னுக்கு. உமக்கு இது போதும். பின்னேரம் விளையாடி, குளித்து, சாப்பிட்டு வந்த பிறகு ஒரு முக்கால் மணி நேரம் எடும். கொப்பியை மூடி வைத்து, அன்றைக்குக் காலையில் கேட்டதை வெறும் தாளில் எழுதும். எழுத முடியாமல் நின்ற இடங்களுக்குக் கீழே கோடு போடும். அடுத்த நாள் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கோட்டில் இருக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் வாயால் சொல்லிப் பார்த்தால் இன்னும் நல்லது. பிறகு படுத்துவிடும்.

அந்தப் பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று உமக்குத் தெரியும். கலைப்பிரிவை விட்டுப் பார்த்தால், பொதுவாக 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை வரிசையில் போகிறது, 55 வீதம் மாவட்டச் சனத்தொகையின்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. இதில் எங்களுக்கு நன்மை உண்டு. ஆனால் ஒரு கெடுதலும் உள்ளுக்குள் இருக்கிறது. உமது மாவட்டத்துப் பிள்ளைதான் உமக்கு நேர்ப் போட்டி என்ற எண்ணத்தை அது ஊட்டிவிடுகிறது. கொப்பியை மறைக்கிற பிள்ளைகளையும், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளைகளையும் நிறையக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். ஒரு விடுதியில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, ஒரே அணியில் நின்று விளையாடிய பிள்ளைகள் அவ்வளவு இலேசில் ஒருவருக்கொருவர் கொப்பி மறைக்க மாட்டார்கள். முகாமில் விளையாட்டு நேரம் கட்டாயம் வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்புக்காகவும்தான். எங்கள் ஊரில் பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் மைதானத்தை விட்டு விலக்கப்படுகிறாள். தமையன் பின்னேரம் கரப்பந்துக்கு ஓடுவான், தங்கச்சி ரியூசன் முடிந்து வந்து குசினிக்குள் போவாள். பத்து வயதில் கிளித்தட்டில் எல்லாப் பெடியளையும் வெட்டி ஓடிய பிள்ளை பதினேழு வயதில் ஓடிப் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். அதனால் நெட்போல் விளையாடலாமா என்று நீர் கேட்டது எனக்குச் சின்னக் கேள்வியாகப் படவில்லை. விளையாடும். நன்றாக விளையாடும். முகாமில் மைதானத்தைப் பெடியளுக்கு மட்டும் விட்டுவிட்டுப் பெண்பிள்ளைகளை ஓரத்தில் இருத்திக் கைதட்டச் சொன்னால், பொறுப்பாளரிடம் போய் எங்களுக்கும் நேரம் வேண்டும் என்று கேளும். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேரைக் கூட்டிப் போம்.

எல்லா நிகழ்ச்சிக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஓர் இரவு நாடகத்துக்கு மனம் இல்லையா, போகாமல் இரும். முதல் மூன்று நாலு நாள் வீட்டு நினைவு வந்து அழுகை வரலாம். அது எல்லாருக்கும் வரும், பிறகு குறையும். ஆனால் கட்டிலில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருப்பதைச் சந்தோசத்துக்கான நேரம் என்று கணக்கு வைக்க வேண்டாம். அதையும் விசுவமடுவிலேயே செய்யலாம்.

இரணைமடுப் பயணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீர் யோசிக்கக்கூடும். ஆகஸ்டில் குளம் வற்றிக் கிடக்கும், சோளகக் காற்று அடிக்கும், தூசி பறக்கும். ஆனால் உயிரியல் பிள்ளைக்கு நல்ல பருவம் அது. தண்ணீர் விலகிய கரையில் எந்தப் புல் முதலில் வருகிறது, எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பாரும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வந்து இந்தக் குளத்தில் தேங்குகிறது. மிஞ்சினது ஆனையிறவுக் கடல்நீரேரியில் போய் விழுகிறது. நன்னீர் உவர்நீராகிற வரைக்கும் எத்தனை விதமான சூழல் மாறுகிறது என்று கூட வருகிற ஆசிரியரிடம் கேளும். சூழற்றொகுதி என்று நீர் பாடமாக்குகிற அலகு முழுவதும் அந்த ஆற்றின் நீளத்தில் இருக்கிறது. அதே பயணத்தில் அணைக்கட்டில் கால் தொங்கப்போட்டிருந்து கூட்டாளிகளோடு பாடிக்கொண்டும் இருக்கலாம். இதில் எது படிப்பு, எது சந்தோசம் என்று பிரித்து அட்டவணையில் எழுத வேண்டிய தேவை இல்லை.

இனி உம்முடைய கடைசிக் கேள்வி. அப்பா வெயிலில் நிற்கும்போது விளையாடலாமா என்று கேட்டிருந்தீர். இந்தக் குற்ற உணர்வு வன்னியில் அநேகமான பிள்ளைகளிடம் இருக்கிறது. 2009 இல் போரில் வீடு, காணி, மாடு, சொந்தம் எல்லாம் இழந்து, செட்டிகுளம் அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்து வெறுங்காணியில் தறப்பாள் அடித்து மீண்டும் தொடங்கியவர்கள் உம்முடைய பெற்றோர். எவராலும் பறிக்க முடியாத சொத்தாக அவர்களுக்குத் தெரிந்தது படிப்பு ஒன்றுதான். அதனால்தான் பிள்ளை விளையாடுவதைக் கண்டால் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இழப்பை ஈடுசெய்கிற வேலையை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இடம்பெயர்ந்து மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய காலத்திலும், குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்த காலத்திலும், பொழுதுபட முதல் ஒரு கயிறைக் கட்டிப் பந்தடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்றைக்கு ஆசிரியர்கள், மருத்துவர்கள், பொறியியலாளர்கள்.

இந்தப் பந்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும். தம்பி, உங்கள் மகள் கெட்டிக்காரி. கடிதத்திலேயே அது தெரிகிறது. இந்த மூன்று கிழமையும் இரவில் ஒருதரம் போன் எடுத்துக் கதையுங்கள், போதும். அப்போது "என்ன படிச்சனீ" என்று மட்டும் கேட்காமல், ஆரோடு கூட்டு, என்ன விளையாடினது, என்ன சாப்பிட்டது என்றும் கேளுங்கள். சந்தோசமாக இருந்ததை உங்களிடம் ஒளிக்க வேண்டி வந்தால் பிள்ளை கஷ்டமாக இருப்பதையும் ஒளிக்கும். வவுனியாவுக்கு பஸ்ஸில் போகும்போது அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களைக் கண்டிருப்பீர்கள். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. உங்கள் மகள் அப்படி ஓர் இடத்துக்குப் போனால் அங்கே பக்கத்தில் நின்று "படி" என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். தன் நேரத்தைத் தானே ஆளப் பழகுவதற்கு இந்த மூன்று கிழமை நல்ல தொடக்கம்.

ரியூசன் சேர் விடயம் கஷ்டமில்லை மகள். போவதற்கு முதல் அவரிடம் நேரில் சொல்லும். வகுப்பில் ஒழுங்காகக் குறிப்பெடுக்கிற ஒரு பிள்ளையிடம் கொப்பி தரச் சொல்லிக் கேட்டு வையும். திரும்பி வந்து இரண்டு சனி ஞாயிறு இருந்தால் எழுதி முடித்துவிடலாம். அந்தப் பிள்ளைக்குப் பதிலுக்கு முகாமில் படித்ததைச் சொல்லிக்கொடும். பையில் விளையாட்டுச் சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கோடு போடாத வெறும் கொப்பி ஒன்று, வாசிக்க விருப்பமான கதைப் புத்தகம் ஒன்று. நுளம்புவலை விடுதியில் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையும்.

அன்புடன்,
ரீச்சர்