துணி காயப்போடும் கம்பியா இது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரின் பதில்கள். இயற்பியல், கணித ஆராய்ச்சி நடக்கும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில.

ஊட்டிக்குப் போனபோது முத்தோரை பக்கம் மலைச்சரிவில் நீளமாக ஒரு கம்பிப் பந்தலைப் பார்த்தோம். டிரைவர் அதை டெலஸ்கோப் என்றார். லென்ஸும் இல்லை, குழாயும் இல்லை. கதை விட்டாரா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

டிரைவரைச் சந்தேகப்படாதீர்கள் அம்மா. அது இந்த நிலையத்தின் ரேடியோ டெலஸ்கோப். வெளிச்சத்துக்குப் பதில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிப்பது. எம்.எஸ்சி. பிள்ளைகளைப் பல வருடம் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போனவன் நான். ஒவ்வொரு வருடமும் அவர்கள் முகம் தொங்கிப்போகும். "சார், எங்க வீட்டு மொட்டைமாடியிலயும் துணி காயப்போட இந்த மாதிரி கம்பி இருக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். கோபம் வரவில்லை. பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த நீளம் முழுக்கச் சுமார் 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும். இது பிடிக்கும் ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்குக் கம்பிகளின் நடுவே உள்ள சின்ன இடைவெளி தெரியவே தெரியாது, அதற்கு அது பளபளப்பான கண்ணாடிதான்.

விஷயம் கம்பியில் இல்லை, மலையில் இருக்கிறது. ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. வடக்கு நோக்கி அதே 11 டிகிரி ஏறும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் டெலஸ்கோப்பைப் படுக்க வைத்தார்கள். இதனால் அதன் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி ஒரு பக்கம் சுற்ற, டெலஸ்கோப்பை மறுபக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வானத்தில் ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பார்க்கலாம். சமதளத்தில் இதைச் செய்ய எத்தனை இரும்பும் எத்தனை மோட்டாரும் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கோவிந்த் ஸ்வரூப் என்ற மனிதரின் யோசனை அது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தவர், 1963இல் திரும்பி வந்தார். 1970இல் டெலஸ்கோப் வேலை செய்யத் தொடங்கியது. தொலைவிலிருந்து ரேடியோ அலை அனுப்பும் விண்பொருள்களைச் சந்திரன் குறுக்கே வந்து மறைக்கும் நொடியைக் குறித்து, அவற்றின் அளவைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த நிலையம் முதலில் எங்கே, எப்படித் தொடங்கியது? யூடியூபில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

லீவில் வந்து மாட்டிக்கொண்ட ஒருவரிடமிருந்து தொடங்குகிறது, தம்பி. கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஹோமி பாபா 1939இல் விடுமுறைக்கு ஊர் வந்தார். யுத்தம் மூண்டது, திரும்ப முடியவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வந்து பொழியும் துகள்கள்) ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1944 மார்ச் 12 அன்று ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்க உதவி கேட்டு சர் டோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இருபது வருடம் போல் கழித்து அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்காது, இங்கேயே தயாராக இருப்பார்கள் என்பது அதன் சாரம். தேதியைக் கவனியுங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழ அப்போது ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன்.

1945 ஜூன் 1 அன்று பெங்களூரில் தொடக்கம். அந்த வருடக் கடைசிக்குள் பம்பாய் பெடர் ரோட்டில் கெனில்வொர்த் என்ற பங்களாவுக்கு மாறினார்கள். பாபா பிறந்த வீடு அது, அவருடைய அத்தைக்குச் சொந்தம். பாதியில் அத்தை குடியிருந்தார், மறுபாதியில் ஆராய்ச்சி நிலையம். 1949இல் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் பழைய யாட் கிளப்புக்குப் போனார்கள். கொலாபாவில் கடலோரம் இன்று நிற்கும் கட்டடத்துக்கு நேரு 1954இல் அடிக்கல் நாட்டி, 1962 ஜனவரியில் திறந்தும் வைத்தார். ஆக, பதினாறு வருடம் இரவல் இடத்தில்தான் ஓடியது. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்கான ஆட்கள் தயாரானதும் அந்த இரவல் காலத்தில்தான். கட்டடம் வந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லும் கல்லூரி நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

திறந்து நான்கே வருடம். 1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் பாபா இறந்தார்.

என் தாத்தா கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் "சயின்ஸ்காரர்கள்" பெட்டிகளோடு இறங்குவார்கள் என்று சொல்வார். தங்கம் தேடவா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

அவர்கள் இந்த நிலையத்துக்காரர்கள்தான். தங்கத்தைவிட அகப்பட அரிதான ஒன்றைத் தேடி இறங்கினார்கள்: நியூட்ரினோ. பெரும்பாலும் எதிலும் மோதாமல் பாறையையும் ஊடுருவிப் போகும் மிகச் சின்னத் துகள் அது. வானத்திலிருந்து துகள்கள் நம் மேல் எப்போதும் பொழிந்துகொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் காலடிச் சத்தம் கேட்காது. பாறைக்கு அடியில் போகப் போக இரைச்சல் குறையும். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று, நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி இறங்கியது, பக்கத்திலேயே கிடந்தது. ஆழத்தை இவர்கள் காசு கொடுத்துத் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

முதலில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகளை வைத்து எண்ணினார்கள். மிக ஆழமான இடத்தில் சுமார் இரண்டு மாதம் வைத்தும் ஒரு மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்) கூடப் பதிவாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர்களுக்கோ கொண்டாட்டம். இவ்வளவு நிசப்தம் என்றால், இங்கே இனி எது தட்டினாலும் அது நியூட்ரினோவாக இருக்கலாம் அல்லவா? நிலையத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் ஆகியோரோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்தார்கள். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்கக் குழுவும் அதைப் பார்த்தது.

அந்தக் கட்டுரைகளில் உங்கள் தாத்தா போன்றவர்களின் பெயர் இருக்காது. ஆனால் கூண்டை இறக்கி ஏற்றியது, காற்றும் வெளிச்சமும் கொடுத்தது, வழி காட்டியது எல்லாம் சுரங்கத் தொழிலாளர்கள்தான். ஆராய்ச்சி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நின்றது, சுரங்கத்தையே 2001இல் மூடிவிட்டார்கள்.

பெயரில் டாட்டா. அப்போது தனியாரா, அரசா?
– ஒரு வாசகர், காரைக்குடி

விதை போட்டதில் டாட்டா அறக்கட்டளைக்கும் பம்பாய் அரசுக்கும் பங்கு உண்டு. இன்று செலவு பெரும்பாலும் மத்திய அரசின் அணுசக்தித் துறையுடையது.

அங்கே நம் ஆட்கள் யாரும் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

"நம் ஆட்கள்" கணக்கு எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில், 2,700 வால்வுகள் கொண்ட டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரை அங்கே 1960இல் இயக்கினார்கள். பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அதே வால்வுதான். சென்னை லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953இல் அங்கே கணிதத்தில் சேர்ந்தார்கள். 1965இல் அவர்கள் நிரூபித்த தேற்றத்தை இன்று உலகம் முழுக்க அவர்கள் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஊட்டியில் இடி மேகத்தின் வோல்ட்டேஜை அளந்தார்களாமே? மேகத்துக்குள் ஒயரா விட்டார்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவி, திருப்பூர்

ஒயரும் வேண்டாம், பலூனும் வேண்டாம், கண்ணு. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று இதே நிலையத்தின் இன்னொரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் மியூவான்களை இரவும் பகலும் எண்ணுவதுதான் அதன் வேலை. மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு. தலைக்கு மேல் இடி மேகம் வந்து நின்றால் அதன் மின்புலம் மியூவான்களை இழுத்துத் தள்ளும், எண்ணிக்கை கொஞ்சம் குறையும். 2014 டிசம்பர் 1 அன்று பதினெட்டு நிமிடம் அப்படிக் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். விடை 130 கோடி வோல்ட். அதுவரை பலூன் விட்டு அளந்ததில் அதிகபட்சம் 13 கோடிதான். முடிவு 2019இல் வெளியானது. உங்கள் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். எத்தனை மடங்கு என்று நீயே வகுத்துப் பார்த்து எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.