230 வோல்ட் வீட்டிலேயே இருக்க, டிரான்ஸ்பார்மர் எதற்கு?

கேள்வி: ஐயா, ரெக்கார்ட் பிளேயருக்காக இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு போட்டு பிரீஆம்ப் (ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் செட்) கட்டுகிறேன். 250 வோல்ட் டிசி தேவை. அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் எங்கள் ஊரில் இல்லை. வீட்டுக் கரண்ட்டிலேயே நேராக நான்கு டயோடு போட்டு எடுக்கலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. 325 வோல்ட் வரும், வால்வும் பாடும். ஆனால் அந்த நான்கு டயோடு பிரிட்ஜின் நெகடிவ் முனை பாதி நேரம் ஃபேஸோடு சேர்ந்திருக்கும். அந்த முனைதான் உங்கள் சேசிஸ், அதாவது செட்டின் உலோகச் சட்டம். அதுவே ஆடியோ வயரின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் ரெக்கார்ட் பிளேயரின் உலோகப் பாகங்களுக்கும் போய்விடும். ஊசியைத் தூக்கி வைக்கப் போகிற கை யாருடையது என்று யோசியுங்கள்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்கள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. யுசிஎல்82, யுஒய்85 மாதிரி வால்வுகளின் ஹீட்டர்களை (வால்வைச் சூடாக்கும் இழைகளை) வரிசையாகக் கோத்திருப்பார்கள். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸில் ஃபேஸ் வந்துவிடும். அதனால்தான் நாப் திருகின் மேல் மெழுகு ஊற்றி மூடியிருப்பார்கள். 1974-ல் கடையில் வேலை கற்றபோது, அது எதற்கென்று தெரியாமல் மெழுகைச் சுரண்டித் திருகில் விரல் வைத்தேன். தோள்பட்டை வரை அடித்தது. அந்த செட்டில் வெளியே போகும் ஆடியோ வயர் கிடையாது, உங்களுடையதில் உண்டு.

சாதாரண 15 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இரண்டு வாங்குங்கள். முதலாவது 230-ஐ 15 ஆக்கட்டும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டு, 15-ஐ 15-ஓடு இணையுங்கள். மறுபக்கம் 230 முழுதாக வராது, ஏறக்குறைய 200 வரும். உங்களுக்கு அதுவே வசதி. நான்கு 1என்4007 டயோடு போட்டால் 280 வோல்ட் டிசி. பிறகு 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர், மறுபடி ஒரு 47. நான்கு மில்லிஆம்பியருக்கு 40 வோல்ட் இறங்கி 240-ல் நிற்கும். டிசியில் மிஞ்சியிருக்கும் 100 ஹெர்ட்ஸ் அலை முந்நூறில் ஒரு பங்காகக் குறையும். கண்டென்சர் 450 வோல்ட் தாங்குவதாக, புதியதாக இருக்கட்டும். பழைய ரேடியோவில் கழற்றியதைப் போடாதீர்கள்.

ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஹீட்டருக்கு ஏசி கொடுத்தால் உம்மென்று கேட்கும். ஆகவே அதே 15 வோல்ட்டை இன்னொரு பிரிட்ஜில் டிசி ஆக்கி, 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டென்சர் போட்டு 7812 என்ற 12 வோல்ட் ரெகுலேட்டருக்குக் கொடுங்கள். 7812-இன் நடுக்கால் கிரவுண்டுக்குப் போகும் வழியில் ஒரு டயோடு சேர்த்தால் 12.6 வந்துவிடும். வால்வின் 4, 5-ஆம் பின்களுக்கு அது. 9 சும்மா இருக்கட்டும். 7812 நன்றாகச் சுடும், ஹீட்சிங்க் அவசியம்.

நிறையப் பேர் கோட்டை விடுவது கிரவுண்டில். ஹைவோல்ட்டேஜ் பிரிட்ஜின் நெகடிவ் நேராக முதல் கண்டென்சரின் காலுக்கே போகவேண்டும். சிக்னல் கிரவுண்டை இரண்டாவது கண்டென்சரிலிருந்து எடுங்கள். மாற்றிப் போட்டால் எந்த ஃபில்டரும் உதவாது. மூன்று பின் பிளக்கின் எர்த் சேசிஸுக்கு, ஃபேஸில் 250 மில்லிஆம்பியர் பியூஸ்.

அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும் வோல்ட்டேஜை வடிக்க, முதல் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெஸிஸ்டர் ஒன்று போடுங்கள். சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டரால் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். வால்வு சொருகாமலே முதலில் ஆன் செய்து, ஹீட்டர் பின்களில் 12.6 இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் முடித்தும் உம் சத்தம் நிற்கவில்லையென்றால், இரண்டு கண்டென்சரிலும் அளந்த வோல்ட்டேஜை எழுதி அனுப்புங்கள்.