புது இயங்குதளம், பழைய விரல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதன் பிறகு எனக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிட்டது. சிலர் விண்டோஸ் 11க்கு நகர்ந்திருக்கிறார்கள், சிலர் மேக் வாங்கியிருக்கிறார்கள், ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் வந்திருக்கிறார்கள். கேள்விகள் வேறுவேறு என்றாலும் பலவற்றின் வேர் ஒன்றுதான். மூளை புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. விரல்கள் இன்னும் பழைய வீட்டின் சுவிட்சைத் தடவிக்கொண்டிருக்கின்றன.

இருபது ஆண்டுகள் விண்டோஸில் வேலை பார்த்துவிட்டு மேக்குக்கு மாறியிருக்கிறேன். சிவப்புப் பொத்தானை அழுத்திச் சாளரத்தை மூடிய பிறகும் செயலி ஓடிக்கொண்டே இருக்கிறது. மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிடுகின்றன. கணினி திணறாதா?

திணறாது. சும்மா இருக்கும் செயலி பெரிதாக எதையும் தின்பதில்லை. விண்டோஸில் கடைசிச் சாளரத்தை மூடினால் பெரும்பாலான செயலிகள் தாங்களும் விடைபெற்றுக்கொள்ளும். மேக்கில் செயலி வேறு, அதன் சாளரம் வேறு. சிவப்புப் பொத்தான் மேசைமேல் இருந்த தாளை எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். எழுதுகிறவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரையும் வழியனுப்ப கமாண்ட்–கியூ அழுத்துங்கள். டாக் எனப்படும் கீழ்ப்பட்டையில் சின்னத்துக்கு அடியில் சிறு புள்ளி தெரிந்தால் அந்தச் செயலி ஓடுகிறது என்று பொருள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரையின் உச்சியில் இருக்கும் மெனுப் பட்டை, அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் செயலிக்கு உரியது. புதிதாக வந்தவர்கள் அதைக் கவனிக்காமல், சாளரத்துக்குள்ளேயே மெனுவைத் தேடிச் சலித்துப்போகிறார்கள். இடது மூலையில் தடித்த எழுத்தில் எந்தச் செயலியின் பெயர் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நகலெடுக்க கண்ட்ரோல்–சி அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிட்டது. மேக்கில் கமாண்ட் விசையையும் கண்ட்ரோல் விசையையும் இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

மாற்றலாம். விசைப்பலகை அமைப்புகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்பேன். மாற்றி வைத்த பிறகு வேறொருவரின் மேக்கில் உட்கார்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கமாண்ட் விசை ஸ்பேஸ் விசைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கட்டைவிரலால் அழுத்த வேண்டியது. நீங்கள் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். மற்றபடி எழுத்துகள் அதே எழுத்துகள்தாம். விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கையும் 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே இதே வேலைகளுக்கு வைத்துவிட்டார்கள். விண்டோஸ் பின்னாளில் அவற்றைக் கண்ட்ரோல் விசையோடு சேர்த்துக்கொண்டது. நீங்கள் போயிருப்பது அந்நிய தேசம் இல்லை, பழக்கத்தின் பிறந்த வீடு.

மேக்கில் கோப்பைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்தினால் திறக்காமல் பெயரை மாற்றச் சொல்கிறது. கோப்பை வெட்டி ஒட்டவும் வழி தெரியவில்லை.

திறக்க கமாண்ட்–ஓ. வெட்டுவதற்குப் பதிலாக, வழக்கம்போல் நகலெடுங்கள். ஒட்டும் இடத்தில் கமாண்டோடு ஆப்ஷன் விசையையும் சேர்த்து வி அழுத்துங்கள். கோப்பு இடம்பெயர்ந்துவிடும். நகலா, நகர்த்தலா என்பதை எடுக்கும்போது இல்லாமல் வைக்கும்போது முடிவு செய்கிறீர்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், பாதியில் மனம் மாறினாலும் நட்டமில்லை.

பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் நிறுவினேன். என் டி டிரைவ் எங்கே? சி டிரைவும் இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

அழியவில்லை, தூங்குங்கள். லினக்ஸில் டிரைவ்களுக்கு எழுத்துப் பெயர் கிடையாது. அந்தக் காலக் கணினிகளில் ஏ, பி என்ற முதல் இரண்டு எழுத்துகளும் ஃபிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டு டிரைவ்களுக்குப் போய்விட்டதால் வன்தட்டுக்கு மூன்றாவது எழுத்தான சி கிடைத்தது. ஃபிளாப்பி மறைந்து போன பின்னும் விண்டோஸ் அந்தப் பெயரை விடவில்லை. அது விண்டோஸ் வழக்கம், எல்லாக் கணினிக்கும் பொது விதி இல்லை.

லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். அடியில் ஒரு வேர், அதிலிருந்து கிளைகள். உங்கள் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் ஹோம் என்ற கிளையில் உங்கள் பெயரில் உள்ள கோப்புறையில் இருக்கும். மற்ற கிளைகள் இயங்குதளத்தின் சமையலறை. இப்போதைக்கு எட்டிப் பார்க்க வேண்டாம். உங்கள் பழைய டி டிரைவ், கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலில் வேறு பெயரோடு, சில சமயம் வெறும் கொள்ளளவை மட்டும் பெயராகக் கொண்டு நிற்கும். அதைச் சொடுக்கினால் அதுவும் மரத்தில் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்ட பிறகு கோப்புகளைப் படிக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்ற அடுத்த கேள்வி இரண்டே நாளில் உங்களிடமிருந்து வரும் என்பதால் அதற்கும் இப்போதே பதில். விண்டோஸை அணைத்தீர்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அடுத்த முறை விரைவாக எழுவதற்காக அது பாதி உறக்கத்தில் இருந்திருக்கும். அந்த நிலையில் அதன் வட்டுப் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால் லினக்ஸ் கையைக் கட்டிக்கொள்கிறது. விண்டோஸுக்குப் போய், ஷிப்ட் விசையைப் பிடித்தபடியே அணைக்கும் பொத்தானைச் சொடுக்குங்கள். முழுதாக அணையும். இதை ஒவ்வொரு முறையும் செய்ய அலுப்பாக இருந்தால் மின்சார அமைப்புகளில் விரைவுத் தொடக்கத்தையே நிறுத்திவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கோப்பின் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு முறையும் சிறிய எழுத்தில் ஒரு முறையும் எழுதினால் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸுக்கு அவை இரண்டு தனிக் கோப்புகள்.

இதே போல இரண்டு இயங்குதளங்கள் வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போதெல்லாம் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி போயிருந்தால் நேரம் கன்னாபின்னாவென்று இருக்கும். தவறு ஒவ்வொரு முறையும் ஒரே அளவா என்று பாருங்கள். கிரீன்விச்சிலிருந்து உங்கள் நேர மண்டலம் எத்தனை மணி தள்ளியிருக்கிறதோ அத்தனை மணிதான் பிசகு என்றால், இரண்டு இயங்குதளங்களும் ஒரே கடிகாரத்தை இரண்டு விதமாகப் படிக்கின்றன. கணினிப் பலகையில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் தேதி, நேர அமைப்புக்குப் போய் இணையத்தோடு ஒத்திசைத்தால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வு, உள்ளூர் நேரத்தையே எழுதி வைக்கும்படி லினக்ஸை மாற்றுவது. ஒற்றை வரிக் கட்டளைதான். உங்கள் லினக்ஸ் பதிப்பின் உதவிப் பக்கத்திலேயே கிடைக்கும்.

லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் கடவுச்சொல் கேட்கிறது. தட்டச்சு செய்தால் எதுவும் விழவில்லை.

விழுகிறது, காட்டவில்லை. கடவுச்சொல்லின் நீளத்தைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகப் புள்ளியும் நட்சத்திரமும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். முழுதாக அடித்து என்டர் தட்டுங்கள். முதன்முறை நானும் விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தேடி எடுத்து வந்து செருகியிருக்கிறேன்.

முனையத்தில் கண்ட்ரோல்–சி என்பது நகல் இல்லை, ஓடும் கட்டளையை நிறுத்தும் ஆணை. நகலெடுக்கும் வழக்கத்தைவிட அது மூத்தது, இடம் விட்டுக்கொடுக்காது. அங்கே நகலெடுக்க ஷிப்ட் விசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒட்டுவதற்கும் அப்படியே. எங்கிருந்தோ எடுத்த கட்டளையை என்னவென்று புரியாமல் ஒட்டுவது மட்டும் கூடாது. கடவுச்சொல் கேட்கும் கட்டளை என்றால் கணினியின் மொத்தச் சாவியையும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11இல் வலது சொடுக்கு மெனுவில் பாதி வசதிகளைக் காணோம். தொடக்கப் பொத்தான் நடுவில் போய் நிற்கிறது.

ஷிப்ட் விசையைப் பிடித்தபடி வலது சொடுக்குச் செய்தால் பழைய நீண்ட மெனு வரும். பொத்தானை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக, பணிப்பட்டையின் காலி இடத்தில் வலது சொடுக்கி அமைப்புகளில் சீரமைப்பை மாற்றுங்கள். 2012இல் விண்டோஸ் 8 அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டு, எழுந்த கூச்சலுக்குப் பிறகு மறு ஆண்டு 8.1இல் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கலாம். அதோடு ஒப்பிட்டால் இது வெறும் இடமாற்றம்.

பல ஆண்டுகளாகத் தமிழில் தட்டச்சு செய்து சேர்த்த ஆவணங்கள் புதுக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலங்கித் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பலர் கெட்டுவிட்டது என்று நம்பி அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு என்ற கண்ணாடியைப் போட்டால் மட்டும் அது தமிழாகத் தெரிந்தது. புதுக் கணினியில் அந்தக் கண்ணாடி இல்லை.

அவசரத்துக்கு, பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் முடியும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி கொண்டு ஆவணங்களை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, மூலக் கோப்பையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். எந்த எழுத்துருவில் எழுதியது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றி இருக்கிறது, பாமினியில் எழுதியதை வேறு முறை என்று சொன்னால் குப்பைதான் வரும். மாற்றிய பிறகு எண்கள், அடைப்புக்குறிகள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றைக் கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் வழுக்கும் இடங்கள் அவை.

தட்டச்சுக்கு, கூடுதலாக எதையும் தேடிப் போகும் முன் இயங்குதளத்தோடு வருவதைப் பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகை மூன்றிலும் கிடைக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ‘அம்மா’ என்று எழுத ம விசையை இரண்டு முறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ஒரு முறை கற்றுக்கொண்டால் எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் விரல்கள் கூடவே வரும். மொழி மாற்ற விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் அதே விசைதான், பெயர் மட்டும் சூப்பர். மேக்கில் கண்ட்ரோலோடு ஸ்பேஸ்.

லினக்ஸில் உள்ள லிப்ரே ஆஃபிஸ் என்ற ஆவணச் செயலியில் திறந்ததும், வேர்டில் எழுதிய பன்னிரண்டு பக்க ஆவணம் பதினான்கு பக்கமாகிவிட்டது.

எழுத்துருதான் காரணம். வேர்டில் பயன்படுத்திய காலிப்ரி எழுத்துரு உங்கள் லினக்ஸில் இருக்காது. அதே அகல அளவுகளோடு செய்த கார்லிட்டோவை நிறுவுங்கள், பெரும்பாலும் பக்கங்கள் பழையபடி அமரும். இறுதி வடிவமாக அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

எழுபது வயது அம்மாவுக்குப் புதுக் கணினியைக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்றாவது நாளே "எனக்கு இதெல்லாம் வராது, நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லிக்கொடுக்கும்போது மவுஸ் யார் கையில் இருந்தது? அவர் தடுமாறிய நொடியில் "இங்கே கொடுங்கள் அம்மா" என்று வாங்கி நீங்கள் சொடுக்கியிருந்தால், அவர் கற்றது உங்கள் வேகத்தை மட்டும்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அது மிகவும் கடினம், எனக்கும்தான்.

பழைய கணினியில் அவர் உண்மையில் செய்துவந்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். பேரனின் படம் பார்ப்பது, வீடியோ அழைப்பு, செய்தி வாசிப்பது, ஓர் எண்ணைத் தேடுவது என்று ஐந்தாறுக்கு மேல் இருக்காது. அந்த ஐந்தாறை மட்டும் அவருடைய சொற்களில், அவர் கையெழுத்தில், ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். செயலியின் பெயர் வேண்டாம். ‘பேரனோடு பேச: நீலப் படம், இரண்டு முறை தட்டு’ என்பது போதும். சின்னங்களைப் பழைய திரையில் இருந்த அதே வரிசையில் வையுங்கள், அதே உலாவியைப் போட்டு அதே புக்மார்க்குகளைக் கொண்டுவாருங்கள். உலாவி மாறாவிட்டால் அவருக்குப் பெரும்பாலும் கணினியே மாறவில்லை.

எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் இந்த வயதில் பெரிய தடை. அவருக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக்கொடுங்கள். அதில் எதை அழுத்தினாலும் இயங்குதளத்துக்குச் சேதமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

நிறுவாமலே லினக்ஸைப் பார்க்க முடியுமா?

முடியும். யூஎஸ்பி குச்சியில் எழுதி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். எழுதும்போது குச்சியில் இருப்பதெல்லாம் அழியும், அந்த முறையில் சேமித்தவை அணைத்ததும் பொதுவாக மறைந்துவிடும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்ற நான்கையும் சோதியுங்கள். வால்பேப்பர் அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மேக்கில் மவுஸின் உருள் சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் எதிர்த்திசையில் போகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

2011இல் லயன் பதிப்பிலிருந்து அப்படித்தான். கைபேசித் திரையைப் போல, விரல் போகும் பக்கம் தாளும் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மவுஸ் அமைப்பில் இயல்பான உருட்டல் என்பதை நிறுத்தினால் பழையபடி ஆகும். ஆனால் மேக்கில் மவுஸுக்கும் தொடுபலகைக்கும் அந்த அமைப்பு ஒன்றுதான். ஒன்றில் மாற்றினால் மற்றொன்றும் மாறும். நான் மேக்கில் மாற்றாமல் விட்டுவிட்டேன். பக்கத்து மேசையில் விண்டோஸ் கணினி இருக்கிறது. நாளுக்கு ஒரு முறையாவது தவறான பக்கம் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.