40 பேர், ஒரு மண்டபம், அரை நாள்: முன்பின் தெரியாத இளைஞர்களைக் கலகலப்பாக்க என்ன விளையாட்டு வைக்கலாம்?

(கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுகிறோம். டெல்டாவின் பல ஊர்களிலிருந்து 40 பேர், ஆணும் பெண்ணுமாக.)

முதல் வேலையாக மைக்கை ஒளித்து வையுங்கள். "ஒவ்வொருத்தரா எழுந்து பேர், ஊர், படிப்பு சொல்லுங்க" என்று தொடங்கினால் ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலே 40 நிமிடம் காலி. தன் முறை வரப்போகிற உதறலில் இருப்பவர் பக்கத்து ஆள் சொன்னதைக் காதிலேயே வாங்கமாட்டார்.

உட்காரவிடாமல் நிற்கவைத்தே தொடங்குங்கள். மண்டபத் தரைதான் டெல்டா. மேடைப் பக்கம் கல்லணை, எதிர்ச்சுவர் பூம்புகார். மேடையிலிருந்து பார்க்க இடக்கைப் பக்கம் கொள்ளிடம், வலக்கைப் பக்கக் கடைசி மூலை கோடியக்கரை. நடுவில், சற்றே கொள்ளிடத்தை ஒட்டி ஒரு நாற்காலி போட்டால் அது கும்பகோணம். இனி அவரவர் ஊர் எங்கே வருமோ அங்கே போய் நிற்கவேண்டும். ஆடுதுறை திருவிடைமருதூருக்குக் கிழக்கா மேற்கா என்ற சண்டையிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும் (கிழக்குதான்).

அப்படிக் கொத்துக் கொத்தாக நிற்கும்போதே ஒரு ஓரத்திலிருந்து 1 முதல் 5 வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். ஒரே எண் வந்தவர்கள் ஒரு அணி. எட்டெட்டுப் பேராக ஐந்து அணி. ஒரே ஊர்க்காரர்கள் தாமாகவே பிரிந்துவிடுவார்கள். "நீங்களே பிரிஞ்சுக்குங்க" என்று விட்டால் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பெயர் பதிய போர்வை ஆட்டத்துக்கு ஈடில்லை. எல்லா அணியும் ஒருமுறை பெயர்களை உரக்கச் சொல்லிவிடட்டும். பிறகு இரண்டு அணிக்கு நடுவே போர்வையைத் திரைபோல் பிடித்து, பக்கத்துக்கு ஒருவர் அதை ஒட்டி உட்காரவேண்டும். போர்வை விழுந்ததும் எதிராளியின் பெயரை முந்திச் சொன்னவருக்கு வெற்றி. தோற்றவர் அந்த அணிக்குத் தாவவேண்டும். நான்கு அணி இரண்டு இடத்தில் ஆடலாம். ஐந்தாவது அணி போர்வை பிடிக்கவும் நடுவராகவும் இருந்து, அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளட்டும். கையில் இருக்கிறதே என்று வேட்டியைப் பிடிக்காதீர்கள். பின்னால் ஜன்னல் இருந்தால் நிழல் தெரிந்து ஆட்டமே கெடும். ஜமுக்காளம் நல்லது. "அண்ணே", "அக்கா" என்று சமாளிப்பது செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் பக்கம் முறை சொல்லிக் கூப்பிட்டே பெயர் தெரியாமல் காலம் ஓட்டிவிடுவார்கள். பத்து நிமிடத்தில், இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடவேண்டும்.

கை கோத்துச் சிக்கவிழ்க்கும் ஆட்டத்தை அப்படியே வைத்தால் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். எட்டுப் பேர் வட்டமாக நின்று, வலக்கையில் தன் துண்டின் ஒரு நுனி, இடக்கையில் வேறொருவர் துண்டின் மறுநுனி. பக்கத்து ஆளுடையதைப் பிடிக்கக்கூடாது. பிடியை விடாமல் சிக்கை அவிழ்த்து ஒரே வட்டமாக வேண்டும். மணிக்கட்டும் பிசகாது. புடவை, தாவணிக்காரர்கள் இருந்தால் தாண்டுவது வேண்டாம், குனிந்து நுழைவது போதும். சில சிக்கு எத்தனை முயன்றாலும் ஒரே வட்டமாகாது, இரண்டாகத்தான் பிரியும். அது ஆடுபவர் தப்பில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு பிடியை மாற்ற அனுமதியுங்கள்.

மாலைவரை நீண்டால் நாலரைக்கு மேல் கிளித்தட்டு (கோட்டில் நின்று மறிப்பவர் கையில் படாமல் கட்டங்களைக் கடக்கும் ஆட்டம்). தை, மாசியில் அறுவடை முடிந்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று இறங்காதீர்கள்: நெல்தாளின் அடிக்கட்டை காலைக் குத்தும், பாளமாய் வெடித்த களிமண்ணில் கணுக்கால் மடங்கும். பள்ளிக்கூட மைதானம் போதும். கோடு போடக் கோலமாவு; சுண்ணாம்புத்தூள் கண்ணில் பட்டால் ஆபத்து. கிளி, அதாவது கோட்டில் ஓடித் தொடுபவர், எந்தெந்தக் கோட்டில் ஓடலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை முன்பே பேசி முடிக்காவிட்டால் மன்னார்குடிக்கும் சீர்காழிக்கும் நடுவில் நீங்கள்தான் பஞ்சாயத்து பண்ணவேண்டியிருக்கும்.