கையைக் கொடு

கேள்வி: என் தம்பியின் ஒரே மகன், பத்தொன்பது வயது, மார்ச் மாதம் சாலை விபத்தில் இறந்துவிட்டான். தம்பி இன்னும் கடையைத் திறக்கவில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ‘முற்பிறவி வினை’ என்கிறார்கள், ‘ஆண்டவன் சோதனை’ என்கிறார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாததால், பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. யூதர்கள் எத்தனையோ அழிவுகளைக் கண்டு மீண்டவர்கள். அவர்களுடைய நூல்களிலிருந்து கஷ்ட காலத்துக்கு வழிகாட்டும் வாசகம் ஒன்று சொன்னால் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாசகம் தரப்போவதில்லை ஐயா. யூத நூல்களில் நல்ல வாசகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அவற்றில் ஒன்றை எடுத்து அனுப்புவதை அந்த நூல்களே ஏற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதில் பெராகோத் என்று ஒரு பகுதி உண்டு. துன்பம் ஏன் வருகிறது என்று அதில் ஓரிடத்தில் ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள், பேசுகிறார்கள். துன்பம் வந்தால் முதலில் உன் நடத்தையைச் சோதித்துப் பார். அதில் குறை தெரியவில்லையா, வேதம் படிப்பதில் குறை வைத்திருப்பாய். அதுவும் இல்லையென்றால், இறைவன் அன்பினால் தரும் துன்பம் அது. உங்கள் தம்பி வீட்டில் வந்து சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். விவாதம் முடிந்த கையோடு, படுக்கையில் கிடக்கும் மூன்று பேரின் கதை வருகிறது.

ரபி யோகனான், கலிலேயாக் கடலோரத்தில் உள்ள திபேரியாவில் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், பெரிய ஆசான். அவருடைய மாணவர் ஹியா நோயில் விழுகிறார். யோகனான் போய்ப் பார்க்கிறார். “இந்தத் துன்பம் உனக்குப் பிரியமானதா?” என்று கேட்கிறார். “இதுவும் வேண்டாம், இதற்குக் கிடைக்கும் பலனும் வேண்டாம்” என்கிறார் ஹியா. “கையைக் கொடு.” கையைக் கொடுக்கிறார், யோகனான் அவரை எழுப்பிவிடுகிறார். அப்புறம் யோகனானே நோயில் விழுகிறார். இப்போது ஹனினா என்பவர் வருகிறார். அதே கேள்வி, அதே பதில், அதே கை. தல்மூத் இங்கே குறுக்கிட்டு ஒன்று கேட்கிறது: பிறரை எழுப்பிய யோகனான் தன்னைத் தானே எழுப்பிக்கொண்டிருக்கலாமே? சிறையில் கிடப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்பதுதான் பதில்.

மூன்றாவது கதையைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எலெயாசார் என்ற இன்னொரு ரபி நோயோடு இருட்டறையில் படுத்திருக்கிறார். யோகனான் உள்ளே வந்து தன் கையை மறைத்திருந்த துணியை விலக்குகிறார். பேரழகர் அவர், அந்தக் கையிலிருந்தே அறையில் வெளிச்சம் பரவியதாம். அந்த வெளிச்சத்தில் எலெயாசார் அழுதுகொண்டிருப்பது தெரிகிறது. ஏன் அழுகிறாய்? போதுமான அளவு படிக்கவில்லை என்றா? கூடவோ குறையவோ, மனம் இறைவனிடம் இருந்தால் போதும். வறுமையை நினைத்தா? படிப்பு, செல்வம் என்ற இரண்டு பந்தியும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பிள்ளைகளை நினைத்தா? “இதோ பார், என் பத்தாவது மகனின் எலும்பு.” பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதர் சொல்கிறார் இதை. ஆறுதல் சொல்ல இவரைவிடத் தகுதியுள்ளவர் யார் இருக்க முடியும்? ஆனாலும் மூன்று ஆறுதலும் பலிக்கவில்லை. எலெயாசார் அழுதது வேறொன்றுக்கு. “இந்த அழகெல்லாம் மண்ணில் மக்கப் போகிறதே, அதற்காக அழுகிறேன்” என்கிறார். யோகனான் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. “அதற்கு நீ அழத்தான் வேண்டும்” என்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் “கையைக் கொடு” வருகிறது.

நீங்கள் கேட்ட வாசகம் இதுதான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைபேசியில் அனுப்பினால் இது ஒன்றுக்கும் உதவாது.

வினை, சோதனை என்று பேசுகிறவர்களுக்கு யூதச் சட்டம் நேரடியாகவே தடை போட்டிருக்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் வஞ்சிக்கக் கூடாது என்பது போலவே வார்த்தையாலும் வஞ்சிக்கக் கூடாது என்று ஒரு விதி. வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்பதுகூட அதில் குற்றம். அதே வரிசையில் வருகிறது இது: நோயில் கிடப்பவரிடமோ, பிள்ளைகளைப் புதைத்தவரிடமோ, யோபுவிடம் அவருடைய நண்பர்கள் பேசியது போலப் பேசாதே. யோபு வேதத்தில் வருகிறவர், குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர். ‘குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டா, யோசித்துப் பார்’ என்று அவரிடம் கேட்டார்களே, அந்தப் பேச்சு. யோபுவின் கதை முடியும் இடத்தில் கடவுள் கோபித்துக்கொள்வதும் இந்த நண்பர்கள் மீதுதான்.

அவர்களும் தொடக்கத்தில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். யோபுவோடு ஏழு பகல் ஏழு இரவு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்ற விதியை அந்த ஏழு நாளிலிருந்துதான் எடுத்தார்கள். எடுத்துச் சொன்னவர் யார் தெரியுமா? அதே யோகனான்.

இன்றும் அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் வீட்டிலேயே இருந்து துக்கம் காக்கிறார்கள். ஷிவா என்று பெயர், ஏழு என்றுதான் அர்த்தம். தாழ்வான இருக்கையில் உட்காருவார்கள். பல வீடுகளில் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் உணவு அந்த வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். முட்டையும் மசூர் பயறும் அதில் வழக்கம். மற்ற பயறுகளில் இருப்பது போல மசூரில் பிளவு கிடையாது. மசூருக்கு வாய் இல்லை, துக்கப்படுகிறவருக்கும் வாய் இல்லை என்கிறது தல்மூத். ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வெள்ளிக் கூடையிலும் பொன் கூடையிலும் உணவு போனது, ஏழை வீட்டுக்குப் பிரம்பு போன்ற மிலாறுக் கூடையில். ஏழைகள் கூசிப்போனார்கள். எல்லாருக்கும் மிலாறுக் கூடைதான் என்று விதியை மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

இறந்தவருக்காகச் சொல்லும் காதீஷ் என்ற பிரார்த்தனையையும் தனியாக நின்று சொல்ல முடியாது. பத்துப் பேர் கூட வேண்டும். பெற்றவர்களுக்காக என்றால் பதினொரு மாதம் சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க முடியாது, மற்ற ஒன்பது பேரும் வீட்டில் இருந்துவிட முடியாது. இறப்பு என்ற பேச்சே அந்தப் பிரார்த்தனையில் வருவதில்லை.

‘அழிவுகளைக் கண்டு மீண்டவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மீளாதவர்களும் உண்டு ஐயா. போலந்தின் வார்சாவில் ரபி கலோனிமஸ் ஷபீரா என்று ஒருவர் இருந்தார். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் போட்ட குண்டுகளுக்கு அவருடைய ஒரே மகனும் மருமகளும் பலியானார்கள். அதன் பிறகும் 1942 கோடைவரை, சுவர் எழுப்பி யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்குள் இருந்துகொண்டு அவர் உரை நிகழ்த்தினார், எழுதியும் வைத்தார். 1941 முடியும் சமயத்தில், இப்படிப்பட்ட துன்பம் நம் மக்களுக்கு முன்பும் வந்ததுதான், மனம் தளராதீர்கள் என்ற பொருளில் பேசியிருந்தார். அடுத்த ஆண்டு கோடையில் வார்சாவிலிருந்து ரயில் ரயிலாக மக்களைக் கொலைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1942 நவம்பரில் ஷபீரா தன் பழைய உரையை எடுத்து, அதில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். முன்பு எழுதியது அதுவரை நடந்தவற்றுக்குத்தான் பொருந்தும், இப்போது நடப்பது போல என்றுமே நடந்ததில்லை என்று. ஆறுதலாகச் சொன்ன வார்த்தை பொய்யாகிவிட்டது என்று தெரிந்ததும் அதைத் தன் கையாலேயே திருத்தியிருக்கிறார். அந்தத் தாள்களை மற்ற ஆவணங்களோடு பால்கேனில் வைத்து மண்ணில் புதைத்தார்கள். 1950-இல் தோண்டி எடுத்தார்கள். அவர் 1943 நவம்பரிலேயே டிராவ்னிகி முகாமில் கொல்லப்பட்டுவிட்டார்.

சொல்வதற்கு எதுவும் இல்லாததால் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்வதற்கு எதுவும் இல்லாதவர்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டியவர். இன்று சாயங்காலமே கிளம்புங்கள். வீட்டில் சமைத்ததைத் தூக்குவாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் வராததற்குக் காரணம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். தம்பி பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசாவிட்டால் நீங்களும் பேச வேண்டாம், மறுநாளும் போங்கள். மகன் பெயரை அவர் எடுத்தால் பேச்சை மாற்றாதீர்கள், அவர் அழுதால் நீங்களும் அழுதுவிடுங்கள். என்றைக்காவது கடைச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தால் கூடவே போங்கள். இத்தனை மாதம் இறங்கிக் கிடந்த ஷட்டர் இறுகியிருக்கும், தூக்க இன்னொரு கை வேண்டும்.