காகிதத்துக்கும் திசை உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டிகை விடுமுறைக்கு அறையை நாங்களே அலங்கரிப்பது என்று தோழிகள் ஐந்து பேர் முடிவுசெய்தோம். எல்லோரும் படிப்பவர்கள், கையில் காசு குறைவு. ஏ4 வண்ணத் தாள், வெள்ளைப் பசை, நூல் இவ்வளவுதான் வாங்கினோம். ஒரு காணொளியில் பார்த்தபடி தாளை நீளவாக்கில் 7 செ.மீ. பட்டைகளாக மூன்றாக வெட்டினோம். ஒவ்வொரு பட்டையையும் பாதி பாதியாக நான்கு முறை மடித்து 16 மடிப்பு ஆக்கி, கொசுவி, மூன்றையும் சேர்த்து வட்டமாக ஒட்டினால் விசிறிப்பூ வர வேண்டும். வரவில்லை. மடித்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கடைசி ஒட்டு எப்படிப் பிடித்தாலும் பொருந்தவில்லை. இழுத்து ஒட்டினால் குடை மாதிரி எழும்பிக்கொள்கிறது. ஒருத்தி "பேசாமல் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் கேள்வி இதுதான். இப்படிக் கூட்டாகச் செய்யும்போது செலவை எப்படிப் பங்கிடுவது? பாதியில் போனவளிடமும் பங்கு கேட்கலாமா? மேலே ஜிகினாத் தூள் தூவினால் குறைகள் மறையுமா? 3 மீட்டர் சுவருக்கு 5 மீட்டர் தோரணம் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

ஜிகினாத் தூள் வேண்டாம். குறை மறையாது, மினுங்கும். அடுத்த வருடம் பெருக்கும்போதும் வரும். பங்குக் கணக்கைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அந்த வெள்ளைக் கோடு. காகிதத்துக்குத் திசை உண்டு என்பதைக் கைவேலை சொல்லித்தருகிறவர்கள் ஏன் முதல் நாளே சொல்வதில்லை என்று கொஞ்ச நாளாகவே எரிச்சலில் இருக்கிறேன். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

ஆலையில் காகிதக் கூழ், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலைமேல் விழுகிறது. வலை ஓடும் பக்கமாகவே நார்களில் பெரும்பாலானவை படுத்துக்கொள்கின்றன, ஆற்றில் விட்ட கட்டைகள் நீரோட்டத்தோடு திரும்பிக்கொள்வதைப் போல. அச்சகத்திலும் பைண்டிங் பட்டறையிலும் இதைக் கிரெய்ன் என்பார்கள். நாம் நாரோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு நார்களுக்கு இடையில் விழுகிறது, கத்தி போல நிற்கிறது. ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் நார்களை முறிக்கிறீர்கள். மேலே பூசிய வண்ணம் அந்த இடத்தில் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. உங்கள் வெள்ளைக் கோடு அதுதான். தாள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். பாவம் அவர்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே தாளிலிருந்து 15 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள், ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. எது எது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு நுனியைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். மேலே இருப்பதைக் கீழே மாற்றி இன்னொரு தடவை. ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றது துவண்டு தொங்கும். விறைப்பானதில் நாரோட்டம் துண்டின் நீளவாக்கில் போகிறது. செய்தித்தாளைக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் நாரோட்டம் நீளப் பக்கமாகவே இருக்கும். எல்லாவற்றிலும் அப்படி இருக்காது, ஆகவே சோதித்துவிட்டு ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள். இப்போது உங்கள் வெட்டைப் பாருங்கள். நீளவாக்கில் வெட்டினீர்கள், ஓட்டமும் நீளவாக்கில். பட்டையைக் கொசுவும்போது மடிப்பு பட்டைக்குக் குறுக்கே விழுகிறது. 16 மடிப்புக்கு இடையில் 15 கோடுகள், ஆக மூன்று பட்டையும் சேர்ந்த ஒரு பூவில் 45 தடவை நாரை முறித்திருக்கிறீர்கள்.

ஏன் அப்படி வெட்டினீர்கள் என்பதும் தெரிகிறது. 21 செ.மீ. அகலத்தை ஏழு ஏழாகப் பிரித்தால் துண்டு விழாது, ஒரு தாளுக்கு ஒரு பூ என்று கணக்கும் சுத்தம். மிச்சம் விழாத வெட்டைச் சிக்கனம் என்று நம்பிவிட்டீர்கள். அதே தாளைக் குறுக்கே வெட்டுங்கள். 21 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் வரும், 1.7 செ.மீ. துண்டு மிஞ்சும். பூவுக்கு மூன்று பட்டைகள் போதும். மூன்று தாளில் நான்கு பூ! துண்டு விழும் வெட்டில்தான் உங்களுக்கு ஒரு பூ லாபம். மிஞ்சிய துண்டைப் பாதியாக்கினால் சங்கிலிக்கு இரண்டு சின்ன வளையங்கள். ஓட்டம் சரியான பக்கம் இருப்பதால் அவை தாமாகவே வளையும்.

மூன்று பட்டை ஏன் போதும்? பூ தட்டையாகப் படுக்க, பட்டையின் மொத்த நீளம் அகலத்தைப் போல 6.28 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும், வட்டத்தின் சுற்றளவுக் கணக்கு. 7 செ.மீ. அகலத்துக்கு 44 செ.மீ. அது குறைந்தபட்சம். எட்டு மடங்கு, எட்டரை மடங்கு இருந்தால் கொசுவம் அழகாக நிற்கும். நீங்கள் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு திணித்திருக்கிறீர்கள். அவ்வளவு தாளும் நடுவில் வந்து முட்டினால் குடையாக எழும்பாமல் என்ன செய்யும்?

பொருந்தாத கடைசி ஒட்டுக்கு நாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது இரட்டைப்படை ஒற்றைப்படைத் தகராறு. 16 மடிப்புள்ள மூன்று பட்டைகள், ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு மடிப்பு மேலேறுகிறது. 48-இல் 3 போக 45. முகடும் பள்ளமும் மாறி மாறி வரும் வட்டத்தில் ஒற்றைப்படை ஒருநாளும் மூடாது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு மடிப்பை வெட்டி எறிந்து 15 ஆக்கினால் 42 வரும், மூடிக்கொள்ளும். பாதி பாதியாக மடித்தால் எப்போதும் இரட்டைப்படையே கிடைக்கும் என்பதால் அந்த முறையை விட்டுவிடச் சொல்வேன். 21 செ.மீ. பட்டையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு செ.மீ.க்கும் புள்ளி வையுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோல் ஓரமாக அழுத்தி இழுத்துக் கோடு பதியுங்கள், பிறகு மடியுங்கள். 21 மடிப்பு, மூன்று பட்டை, ஒட்டுகளில் மூன்று போக 60. மூன்று பட்டைகளையும் ஒரே மாதிரி முகட்டில் தொடங்கினால் ஒன்றோடொன்று தானாகச் சேரும்.

கண்ணளவில் மடிக்காதீர்கள். ஒரு மடிப்புக்கு அரை மி.மீ. தவறினால் இருபதாவது மடிப்பில் 1 செ.மீ., அதாவது ஒரு முழு மடிப்பே காணாமல் போயிருக்கும். ஒரு பூவின் மூன்று பட்டைகளையும் ஒரே ஆள் மடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அழுத்தும் விரல் ஆளுக்கு ஆள் வேறு. ஐந்து பேரும் ஆளுக்கொரு பட்டை மடித்து யாரோ ஒருவர் ஒட்டினீர்களா? எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் செய்திருப்பீர்கள். குறிப்பதையும் வெட்டுவதையும் ஒருவரிடம் விடுங்கள், மற்றவர்கள் ஆளுக்கொரு முழுப் பூவை எடுத்துக்கொள்ளட்டும்.

பசையை ஒரு மடிப்பின் மேல் மட்டும், அட்டை ஓரத்தால் வழித்து மெல்லிசாகத் தடவுங்கள். ஈரம் பட்ட நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, குறுக்கே பருக்கும். அதனால்தான் பசை அதிகமானால் தாள் சுருள்கிறது. பட்டைகளை ஒட்டுவதற்கு முன், கொசுவிய நிலையில் உள் ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிக் கனமான ஊசியால் துளையிட்டுவிடுங்கள். வட்டமாக்கியதும் அந்தத் துளைகளில் நூல் கோத்து இழுத்து முடிச்சிட்டு, பூவை மெதுவாக அமுக்கிப் படுக்க வையுங்கள். பின்னால் 4 செ.மீ. அட்டை வட்டம் ஒன்றை ஒட்டி, மேலே தடித்த புத்தகம் வைத்து ஒரு மணி நேரம் தொடாமல் இருங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்க்கும் கை உங்களுடையது என்று நினைக்கிறேன். எடுக்காதீர்கள்.

உங்கள் தோழி சொன்னது உங்களை அறுத்திருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அவள் கெட்டவள் இல்லை அம்மா. மூடாத வட்டத்தை மூன்று மணி நேரம் மூடப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வாயில் வரும். அவளிடம் பங்கு கேட்காதீர்கள். முதலிலேயே ஆளுக்கு ஒரே தொகை போட்டு, அந்தப் பணத்துக்குள் வாங்குங்கள். கணக்கு அதோடு முடிந்தது. முதல் பூவை நாளை அவளையே மடிக்கச் சொல்லுங்கள்.

தோரணம். 3 மீட்டர் சுவரில் 5 மீட்டர் தொங்கவிட்டால் நடுப்பகுதி ஏறக்குறைய 1.8 மீட்டர் கீழே இறங்கும், நடக்கிறவர் முகத்தில் இடிக்கும். 40 செ.மீ. தொய்வு கண்ணுக்கு அழகு, அதற்கு 3 மீட்டருக்கு மேல் 14 செ.மீ. கூடுதலாக இருந்தாலே போதும். இரு நுனியிலும் கட்டுவதற்கு 15, 15 சேர்த்தால் மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நூலை இன்னும் வெட்டவில்லையே?