ஜிம் இருக்கட்டும், மதியச் சாப்பாடு எங்கே?

தம்பி, ரொறன்ரோவில் வேலைக்குச் சேர்ந்த 8 மாதத்தில் 7 கிலோ கூடிவிட்டது, நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்புத்தான், ஜிம்மில் சேர்ந்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்குத் திருகோணமலை வந்திருக்கிறேன். உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன்.

சேருங்கள், தவறில்லை. நானும் சேர்ந்தேன். ஒரு வருடத்துக்குப் பணம் கட்டி, போனது 11 நாள்.

ஊரில் இருந்தபோது டியூஷனுக்குச் சைக்கிள், பின்னேரம் டச்சு பேயில் குளிப்பு, வெள்ளிக்கிழமை பிரட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோவிலுக்கு ஏற்றம். இதையெல்லாம் உடற்பயிற்சி என்று யார் சொன்னார்கள்? கனடா போன பிறகு கால் செய்த வேலையெல்லாம் நின்றது, வாய் மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது. காலையில் வெறும் தேநீர். மதியம் மேசையிலேயே இரண்டு ரோல்ஸ். இரவு எட்டரைக்கு வீடு வந்து, நாள் முழுக்கச் சாப்பிடாத கோபத்தையெல்லாம் சோற்றில் காட்டிவிட்டுப் படுக்கை. 36 வயதில் குடும்ப வைத்தியர் இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனியைப் பார்க்கும் எச்பிஏ1சி பரிசோதனை செய்வித்தார். 6.3 சதவீதம். அங்கே 6.0 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5 என்றால் சீனி வருத்தம். நம்மவர்கள் மெலிந்து தெரிந்தாலும் வயிற்றில்தான் கொழுப்பு சேரும். அதனால் தராசைவிட அளவுநாடாவை நம்புங்கள்: தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு 80.

நான் முதலில் மாற்றியது மதியச் சாப்பாட்டைத்தான். ஒன்ராறியோச் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும். புதிதில் அதைக் கேட்கவே வெட்கம். பிறகு அலுவலக நாட்காட்டியில் 12.30க்குச் 'சந்திப்பு' என்று போட்டுவைத்தேன். யாருடன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. பெரிய சாப்பாடு அப்போதுதான்: சிவப்பரிசிச் சோறோ குரக்கன் பிட்டோ கொஞ்சம், பருப்பு, முட்டை, தட்டில் பாதி மரக்கறி. (குரக்கன் என்பதற்காகக் குவித்துப் போடக் கூடாது.) மீன் குழம்பை மட்டும் அலுவலக மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை வைத்தேன், மாடி முழுக்க எங்கள் ஊர் மீனவர் பகுதியான திருக்கடலூர் மணந்தது. மீன் இரவுக்கு, கீரையோடு, இரண்டு இடியப்பத்தோடு. எட்டு மணிக்குப் பிறகு சோற்றுப் பானையைத் திறப்பதில்லை.

சாப்பிட்டவுடன் 15 நிமிடம் நடப்பேன். தசை வேலை செய்தால் இரத்தத்தில் ஏறும் சீனியை அதுவே இழுத்துக்கொள்ளும். மதியம் 15, இரவு 15 என்று வாரத்தில் 5 நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும், வேகமாக நடந்தால். பனிக்காலத்தில் எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். உங்கள் அலுவலகம் நகரமையத்தில் என்றால், கட்டடங்களை இணைக்கும் 'பாத்' நிலக்கீழ் நடைபாதை 30 கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது. மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், நம் தோலுக்கு அந்த வெயில் போதாது. விற்றமின் டி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஜிம் பணத்தை, வாரம் இரண்டு நாள் பாரம் தூக்கப் போவதானால் மட்டும் கட்டுங்கள்.

குளிரையும் கனடாவையும் திட்டிப் பயனில்லை. இங்கே என் மச்சானுக்கு அலுவலகம் வீட்டில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். மோட்டார் சைக்கிளில்தான் போகிறார், வயிறு உங்களுடையதைவிடப் பெரிது, சீனிக்கு இரண்டு குளிசை. இன்று விடிய அவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைக்குள் போனேன். மான்கள் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன் வந்தபோது நானும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் திரும்புகிறேன். உங்களுக்கு இரண்டு கிலோ குரக்கன் மா கட்டிவைத்திருக்கிறேன். ஸ்காபரோவில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் நடந்து.